'கெட்' என்ற வினையும் 'கு' என்ற உருபும்

'கெட், காட், காட்: பெறு.' ஆங்கில வினைச்சொற்களின் பட்டியலில் நான் முதலில் மனப்பாடம் செய்த வரிகளில் இதுவும் ஒன்று. அதன்பின் எந்த வாக்கியத்தில் அந்தச் சொல் வந்தாலும், யார் எதைப் பெறுகிறார் என்றுதான் தேடுவேன். 'இட் இஸ் கெட்டிங் டார்க்' என்று ஒரு வாக்கியம் வந்தது. அங்கே யாரும் எதையும் பெறவில்லை. இருட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். பல ஆண்டுகள் கழித்து மற்றவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது, அவர்களும் இதே இடத்தில் தடுமாறுவதைப் பார்த்தேன். 'ரிசீவ்', 'அச்சீவ்' போன்ற கனமான சொற்களைத் தயங்காமல் எழுதுகிறவர்கள், மூன்றெழுத்து 'கெட்' வந்ததும் நின்றுவிடுகிறார்கள்.

நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அகராதியைத் திறந்தால் இந்த மாதிரிச் சின்ன வினைகளுக்குத்தான் பக்கம் பக்கமாகப் பொருள் கொடுத்திருப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் வந்தபோது, 'செட்' என்ற வினைக்கு மட்டும் 430 பொருள்கள் காட்டியிருந்தது. பிறகு அதே அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் 'ரன்' என்ற வினையை எடுத்து ஒன்பது மாதம் உழைத்தார். 2011-இல் அந்த வேலை வெளிவந்தபோது கணக்கு 645. 'கெட்' இதே குடும்பத்துச் சொல்தான். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் முதல் பத்து வினைகளுக்குள் அதற்கு ஓர் இடம் உண்டு. புழக்கம் கூடக் கூடப் பொருளும் பெருகும் என்பதை மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் 1945-இலேயே ஒரு கணக்காக எழுதிக் காட்டியிருக்கிறார்.

ஆனால் இந்த எண்களைப் பார்த்து யாரும் மிரளத் தேவையில்லை. அகராதிக்காரரின் வேலை பிரித்துக் காட்டுவது. பேசுகிறவர் அப்படிப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுவதில்லை. நம் 'அடி' என்ற சொல்லையே பாருங்கள். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, நாற்றம் அடிக்கிறது, மணி அடிக்கிறது. நாம் வெள்ளை அடிக்கிறோம், கோல் அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம், காப்பி அடிக்கிறோம், கண் அடிக்கிறோம். இவற்றை யாரும் நமக்குப் பட்டியல் போட்டுக் கற்றுத்தரவில்லை. ஏதோ ஒன்று வேகத்தோடு வந்து படுகிறது என்ற உணர்வு உள்ளே ஓடுகிறது, அதைப் பிடித்துக்கொண்டே போகிறோம். 'கெட்' என்ற சொல்லுக்குள்ளும் அப்படி ஓர் இழை ஓடுகிறது. அதைக் கண்டுகொண்டால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

அந்த இழை என்ன? முன்பு இல்லாத ஒரு நிலைக்கு, ஓர் இடத்துக்கு, ஓர் உடைமைக்கு வந்து சேர்வது. இருப்பதை இந்தச் சொல் சொல்வதில்லை. இல்லாமையிலிருந்து இருப்புக்குள் கால் வைக்கும் அந்த வாசற்படியைச் சொல்கிறது. 'ஐ வாஸ் டயர்ட்' என்றால் களைப்பாக இருந்தேன். 'ஐ காட் டயர்ட்' என்றால் களைத்துப்போனேன். 'ஐ வாஸ் ஹோம்' என்றால் வீட்டில் இருந்தேன், 'ஐ காட் ஹோம்' என்றால் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். 'ஐ நோ ஹிம்' என்றால் அவரைத் தெரியும். 'ஐ காட் டு நோ ஹிம்' என்றால் பழகிப் பழகித் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அறைக்குள் இருக்கிறது, இன்னொன்று வாசலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'பி', 'ஹாவ்' இரண்டும் அறைக்குள் இருக்கிறவை. 'கெட்' வாசலில் நிற்பது.

'மேரீட்' விஷயத்தில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். 'ஐ ஆம் மேரீட்' என்பது நிலைமை, நான் கல்யாணம் ஆனவன். 'ஐ காட் மேரீட் இன் 2010' என்பது நிகழ்ச்சி, அந்த ஆண்டில் எனக்குக் கல்யாணம் ஆனது. 'ஐ ஆம் மேரீட் இன் 2010' என்று எழுதுகிறவர்கள் இந்த வாசற்படியைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

சரி, தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் ஏன் அகப்படவில்லை? நான் வெகுநாள் தேடினேன். 'பெறு' பெரும்பாலும் எழுத்து வழக்கில்தான் வாழ்கிறது. 'அடை' கொஞ்ச தூரம் வந்து நின்றுவிடுகிறது. 'ஆகு', 'வா', 'கிடை', 'வாங்கு', 'பிடி' என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. பிறகு ஒருநாள் ஐந்து சாதாரண வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் கண்ணில் பட்டது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குச் சளி பிடித்தது. எனக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கல்யாணம் ஆனது. எனக்குப் புரிந்தது. ஆங்கிலத்தில் இவை முறையே 'ஐ காட் ஆங்ரி', 'ஐ காட் எ கோல்ட்', 'ஐ காட் எ ஜாப்', 'ஐ காட் மேரீட்', 'ஐ காட் இட்'. ஆங்கிலத்தில் ஐந்திலும் மாறாமல் நிற்பது 'காட்'. தமிழில் ஐந்து வினைகளும் வேறு வேறு. மாறாமல் நிற்பது 'எனக்கு'.

அதாவது 'கெட்' செய்யும் வேலையில் பெரும்பகுதியைத் தமிழில் ஒரு வினை செய்யவில்லை. நான்காம் வேற்றுமையின் 'கு' உருபு செய்கிறது. நாம் வினைச்சொற்களுக்குள் தேடிக்கொண்டிருந்தோம். அது பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தேன் என்பதிலும் அதே 'கு'தான். ஒருவரிடம் ஒன்று வந்து சேர்ந்தாலும் 'கு', ஒருவர் ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் 'கு'. 'கெட்' இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது நமக்கு விசித்திரமாகத் தோன்றுகிறது. நம் மொழியும் அவற்றை ஒன்றாகத்தான் பார்க்கிறது.

ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. தமிழ் அனுபவிக்கிறவரை ஒதுக்கி உட்காரவைக்கிறது. கோபம்தான் எழுவாய், அது வருகிறது. நான் அது வந்து சேரும் இடம். ஆங்கிலம் 'ஐ' என்பதைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வைத்துவிடுகிறது. ஆனால் தலையில் உட்கார்ந்திருப்பவர் எதையாவது செய்தாரா, அல்லது தானாக அவருக்கு நேர்ந்ததா என்பதை 'கெட்' சொல்லாது. 'ஐ காட் எ டிக்கெட்' என்றால் வரிசையில் நின்று வாங்கியிருக்கலாம், யாரோ சும்மா கொடுத்திருக்கலாம். தமிழில் இந்த இடத்தில் ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும். நான் முயன்று அடைந்தால் 'வாங்கினேன்', தானாக வந்தால் 'கிடைத்தது'. முயற்சி எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்பதைத் தமிழ் வினையிலேயே குறித்துவிடுகிறது. ஆங்கிலம் அதைக் கேட்பவரின் ஊகத்துக்கு விடுகிறது. மொழிபெயர்க்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: 'கெட்' வந்தால் முதலில் பொருளைத் தேடாதீர்கள், இதில் கை வைத்தது யார் என்று கேளுங்கள்.

கடல் வழியாக வந்த சொல்

இந்தச் சொல்லின் பிறப்பும் அதன் இயல்புக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இது ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல, வந்து சேர்ந்த சொல். 9-ஆம் நூற்றாண்டு தொடங்கி ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'கெட்டா' என்ற வினை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களாக வாழ்ந்து, பெண் கொடுத்து எடுத்த கலப்பில் 'ஸ்கை', 'எக்', 'விண்டோ', 'ஹஸ்பண்ட்', 'லா' போன்ற பெயர்ச்சொற்களோடு 'தே' என்ற பிரதிப்பெயரும் ஆங்கிலத்துக்குள் போனது. 'டேக்' என்ற வினையும் அப்படி வந்ததுதான். அது வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் எடுப்பதற்கு 'நிமன்' என்றார்கள். அந்த 'நிமன்' இன்று செத்துவிட்டது. கை மரத்துப்போவதைச் சொல்லும் 'நம்ப்' போன்ற ஓரிரு சொற்களில் அதன் மிச்சம் இருக்கிறது. உணர்ச்சி எடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள்.

'கெட்'டுக்கு ஆங்கிலத்திலேயே ஓர் உடன்பிறப்பு இருந்தது, ஆனால் தனியாக வராது, முன்னொட்டோடுதான் வரும். 'ஃபர்கெட்', 'பிகெட்' இரண்டும் அந்தப் பழைய வம்சம். பிகெட் என்றால் பிள்ளையைப் பெறுதல். நாமும் பிள்ளை 'பெற்றேன்' என்கிறோம், இரண்டு மொழியிலும் பிறப்பு ஒரு பேறுதான். ஃபர்கெட் என்றால் பிடியை விட்டுவிடுதல், மறத்தல். ஜெர்மன் மொழியின் 'ஃபெர்கெஸன்' இதன் உறவு. பழைய ஆங்கிலத்தில் இவற்றின் நடுவில் 'ய' ஒலி இருந்தது, 'ஃபர்யெட்' என்பதுபோலச் சொன்னார்கள். நார்ஸ் சொல்லின் கனமான 'க' ஒலி பரவி, அந்த 'ய'வை ஓரம் கட்டியது. 'கிவ்' என்ற சொல்லின் கதையும் இதேதான். இன்று 'கெட்' என்று சொல்லும்போது முதலில் தொண்டையில் கேட்கும் அந்த ஒலி வைக்கிங்குகள் விட்டுப்போனது.

இன்னும் பின்னால் போனால் லத்தீன் மொழியின் 'ப்ரெஹெண்டெரே', அதாவது பிடித்தல், இதே வேரில் முளைத்தது. அதிலிருந்து வந்தவை 'காம்ப்ரிஹெண்ட்', 'ப்ரிஸன்' எல்லாம். ஒன்று மனதால் பிடிப்பது, இன்னொன்று பிடித்து அடைப்பது. ஆகவே 'ஐ கெட் இட்' என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னாலும், 'ஐ காம்ப்ரிஹெண்ட்' என்று கோட்டு போட்டுக்கொண்டு சொன்னாலும், அடியில் ஒரே கை நீண்டு எதையோ பற்றுகிறது. இதில் நமக்கு அந்நியம் எதுவும் இல்லை. ஒரு விஷயம் புரியாதபோது 'இன்னும் பிடிபடவில்லை' என்றுதானே சொல்கிறோம்.

ஒரு கடிதம்

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலிப் விதர்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூலில் ஒரு கடிதம் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு செயலும் 'காட்'. நல்ல ஆங்கிலம் என்றால் என்ன என்ற விவாதம் சூடாக இருந்த காலம் அது. இந்தச் சொல்லைக் கணக்கில்லாமல் இறைப்பதைக் குறைசொல்ல அந்தக் கடிதம் உதவியது. எனக்கு அது வேறு வகையில் பயன்பட்டது. அதன் சம்பவங்களைத் தமிழில் சொல்லிப்பார்த்தேன்.

உங்கள் கடிதம் எனக்குக் கிடைத்த பத்து நிமிஷத்தில் குதிரை ஏறினேன். கேன்டர்பரிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு வண்டி பிடித்தேன். ஆனால் அங்கே சேர்வதற்கு முன்பே தொப்பலாக நனைந்துவிட்டேன், லேசில் போகாத சளியும் பிடித்துக்கொண்டது. சவரம் செய்து உடுத்திக்கொண்டு மதியவாக்கில் கருவூல அலுவலகத்துக்குப் போனேன். பதில் கிடைக்கவில்லை. மறுநாள் கிடைக்கலாம் என்று சேவகரிடமிருந்து தகவல் கிடைத்தது. விடுதிக்குத் திரும்பிச் சாப்பிட்டேன், படுத்தேன், தூங்கிப்போனேன். காலையில் எழுந்தேன். கடைசியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஆங்கிலத்தில் ஒரே சொல், தமிழில் ஒரு டஜனுக்கு மேல். தமிழ் வளமானது, ஆங்கிலம் வறண்டது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கிடைத்தது, சேர்ந்தது, பிடித்தது, திரும்பியது என்று வருகிற இடங்களில் ஏறக்குறைய பாதியில் 'எனக்கு', 'வீட்டுக்கு', 'விடுதிக்கு' என்று நம் உருபு ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். வண்டியையும் சளியையும் நாம் ஒரே 'பிடி'யில் சொல்லிவிடுகிறோம், அதுவும் கவனிக்கவேண்டியது. உருபு வராத இடங்கள் எவை? ஏறினேன், நனைந்தேன், எழுந்தேன், உடுத்திக்கொண்டேன், தூங்கிப்போனேன். இவை உடம்பு தன்னளவில் நிலை மாறுகிற இடங்கள். இங்கே தமிழ் துணைவினைகளைக் கொண்டு வேலையை முடிக்கிறது. 'நனைந்துவிட்டேன்' என்பதன் 'விடு', 'உடுத்திக்கொண்டேன்' என்பதன் 'கொள்', 'தூங்கிப்போனேன்' என்பதன் 'போ' ஆகியவைதான் வாசற்படியைத் தாண்டியதைச் சொல்கின்றன. வெறுமனே 'நனைந்தேன்' என்பதைவிட 'நனைந்துவிட்டேன்' என்பதுதான் 'காட் வெட்' என்பதற்கு நெருக்கம்.

அந்தக் காலத்து விமர்சனம் இன்றும் வகுப்பறைகளில் வேறு வடிவில் வாழ்கிறது. 'கெட்' எழுதாதே, அதற்குப் பதில் 'ரிசீவ்', 'ஒப்டெயின்', 'பிகம்' எழுது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அலுவலகக் கடிதத்துக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் அது நல்ல அறிவுரைதான். எல்லா இடத்துக்கும் அதையே விதியாக்குவது மாணவருக்குச் செய்யும் கெடுதல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 'ஐ பிகேம் ரெடி' என்று யாரும் பேசுவதில்லை. வழி தவறியதற்கு 'பிகேம் லாஸ்ட்' என்றால் கேட்கிறவர் ஒரு கணம் விழிப்பார். 'கெட் ரெடி', 'கெட் லாஸ்ட்', 'கெட் டிரெஸ்ட்', 'கெட் ஸ்டார்ட்டட்' இவற்றுக்கெல்லாம் மாற்றே கிடையாது. ஒரே எச்சரிக்கை, பின்னால் பெயர்ச்சொல் வந்தால் கதை மாறும். டாக்டர் ஆனேன் என்பதற்கு 'ஐ பிகேம் எ டாக்டர்' என்றுதான் சொல்லவேண்டும். 'ஐ காட் எ டாக்டர்' என்றால் டாக்டர் ஒருவரைக் கூட்டிவந்தேன் என்று ஆகிவிடும்.

செய்வித்ததும் பட்டதும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 'ஐ கட் மை ஹேர் எஸ்டர்டே' என்று மாணவர்கள் எழுதுவார்கள். தமிழில் நாம் 'நேற்று முடி வெட்டிக்கொண்டேன்' என்கிறோம். யார் கத்தரி பிடித்தார் என்பதை நம் வாக்கியம் கேட்பதே இல்லை. ஆங்கிலம் கேட்கும். 'ஐ கட்' என்றால் நானே கண்ணாடி முன்னால் நின்று வெட்டிக்கொண்டேன் என்றாகும். இன்னொருவர் வெட்டியிருந்தால் 'ஐ காட் மை ஹேர் கட்' என்று சொல்லவேண்டும். முடி வெட்டப்பட்ட நிலைக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தேன் என்பது அதன் உட்பொருள். அதே வாசற்படிதான், ஆனால் இந்தமுறை நான் தாண்டவில்லை, என் முடியைத் தாண்டவைத்தேன்.

இந்தச் சட்டத்துக்குள் மூன்று வேறு கதைகள் பொருந்தும் என்பதுதான் வியப்பு. 'ஐ காட் தி கார் ரிப்பேர்ட்' என்றால் ஆள் வைத்துச் சரிசெய்தேன். 'ஐ காட் தி ரிப்போர்ட் ரிட்டன்' என்றால் பெரும்பாலும் நானே உட்கார்ந்து ஒருவழியாக எழுதி முடித்துவிட்டேன். 'ஷி காட் ஹர் ஃபோன் ஸ்டோலன்' என்றால் ஃபோனைப் பறிகொடுத்தாள். ஏற்பாடு, உழைப்பு, துரதிர்ஷ்டம் மூன்றுக்கும் இலக்கணம் ஒன்றே. எது என்பதைச் சூழ்நிலையும் கடைசிச் சொல்லும் சொல்லும். 'பறிகொடு' என்ற நம் சொல்லும் இதே மாதிரிதான் கட்டப்பட்டிருக்கிறது. பறித்தவன் யாரோ, ஆனால் வினை முடிவது 'கொடுத்தாள்' என்று இழந்தவளின் பேரில்.

ஆளைச் செய்யவைப்பதிலும் நுணுக்கம் உண்டு. கையெழுத்துப் போடவைத்தேன் என்பதைத் தமிழில் 'வை' ஒன்றால் சொல்லிவிடலாம். ஆங்கிலம் மூன்றாகப் பிரிக்கும். 'ஐ மேட் ஹிம் ஸைன்' என்றால் கட்டாயப்படுத்தினேன். 'ஐ ஹாட் ஹிம் ஸைன்' என்றால் அது அவர் வேலை, சொன்னேன், போட்டார். 'ஐ காட் ஹிம் டு ஸைன்' என்றால் பேசிப் பார்த்து, மடக்கி, அல்லது கெஞ்சி எப்படியோ சம்மதிக்கவைத்தேன். மூன்றாவதில் மட்டும் நடுவில் 'டு' வருகிறது. சேருமிடத்தைக் காட்டும் சொல் அது. அவரைக் கையெழுத்து வரைக்கும் நடத்திக் கொண்டுபோனேன் என்பதுபோல. இதைச் சொல்லிக் கொடுத்தபின் யாரும் அந்த 'டு'வை விட்டுவிட்டு எழுதுவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

செயப்பாட்டு வினையிலும் 'கெட்' 17-ஆம் நூற்றாண்டு முதல் நுழைந்துகொண்டிருக்கிறது. 'தி விண்டோ வாஸ் ப்ரோக்கன்' என்றால் ஜன்னல் உடைக்கப்பட்டது என்றும் கொள்ளலாம், நான் பார்த்தபோது உடைந்து கிடந்தது என்றும் கொள்ளலாம். 'காட் ப்ரோக்கன்' என்றால் சந்தேகமே இல்லை, அது ஒரு நிகழ்ச்சி. கூடவே பட்டவர்மீது ஒரு பார்வையும் விழுகிறது. 'ஹி காட் ஃபயர்ட்', 'ஷி காட் ப்ரமோட்டட்' என்று சொல்லும்போது அந்த ஆளின் வாழ்க்கையில் ஏதோ நடந்துவிட்டது என்ற தொனி வருகிறது. 'வாஸ்' போட்டால் அது கோப்பில் எழுதிய குறிப்புபோல இருக்கும். தமிழ்ப் பேச்சில் 'படு' சேர்த்த செயப்பாட்டு வினை அரிது என்பார்கள். ஆனால் 'அடி வாங்கினான்', 'திட்டு வாங்கினான்', 'மாட்டிக்கொண்டான்' என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே, அவை 'காட் பீட்டன்', 'காட் ஸ்கோல்டட்', 'காட் காட்' (இதில் இரண்டாவது 'காட்', 'கேட்ச்' என்ற வினையின் வடிவம்) இவற்றின் அச்சு அசல் இணைகள். பெறுவதற்கான வினையை எடுத்து, படுவதைச் சொல்லும் பழக்கம் இரண்டு மொழிகளுக்கும் பொது.

ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்கள்

'கெட் அப்', 'கெட் ஓவர்', 'கெட் பை' என்று போகும் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் வேலை. சேர்வதை 'கெட்' சொல்கிறது, எங்கே என்பதை ஒட்டுச்சொல் சொல்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலானவை படமாகவே தெரியும். 'ஓவர்' என்பது மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம். ஆகவே 'கெட் ஓவர்' என்றால் நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டு வருவது. 'பை' என்பது பக்கவாட்டில். குறுகலான இடுக்கில் உரசாமல் எப்படியோ நுழைந்து போய்விடுவது, அதனால் 'கெட் பை' என்றால் இருப்பதை வைத்துக் காலம் தள்ளுவது. 'அவே வித்' என்பது கையில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தூரமாக; திருடியதோடு தப்பித்த படம் விரிந்து, எந்தத் தப்பையும் செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் நழுவுவதைக் குறிக்கிறது. 'வாட் ஆர் யூ கெட்டிங் அட்' என்று கேட்டால், எந்த இடத்தை நோக்கிப் பேச்சைக் கொண்டுபோகிறாய் என்று கேட்கிறார்கள். நாம் அதையே 'என்ன சொல்ல வருகிறாய்' என்கிறோம். அங்கேயும் ஒரு நடை இருக்கிறது, யார் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

தமிழில் யோசித்து எழுதுகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதை 'கெட் டவுன்' என்று எழுதுவார்கள், ஏனென்றால் இறங்குவது கீழே அல்லவா. ஆங்கிலம் உயரத்தைப் பார்ப்பதில்லை. எழுந்து நின்று நடக்க இடமிருக்கும் பஸ், ரயில், கப்பல், விமானம் இவற்றைத் தளமாகப் பார்க்கிறது. தளத்தின்மேல் 'ஆன்', அதைவிட்டு 'ஆஃப்'. குனிந்து நுழையவேண்டிய கார் போன்றவற்றுக்கு 'இன்', 'அவுட் ஆஃப்'.

வைத்திருப்பதும் வாய்த்திருப்பதும்

வாசலில் நிற்கும் சொல் என்று இத்தனை நேரம் சொல்லிவந்தேன். ஒரே ஓர் இடத்தில் அது அறைக்குள் நுழைந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. 'ஐ ஹாவ் காட் டூ பிரதர்ஸ்.' நேரடியாகப் பார்த்தால் 'அடைந்திருக்கிறேன்'. ஆனால் அடைந்து முடித்தவருக்கு அது இருக்கிறது என்றுதானே அர்த்தம். அந்த வழியில் 'ஹாவ் காட்' முழுக்க 'ஹாவ்' என்பதற்கே சமமாகிவிட்டது. தமிழில் இதைச் சொல்லிப்பாருங்கள்: எனக்கு இரண்டு தம்பிகள். மறுபடியும் அதே 'கு'. வினைகூட வேண்டியதில்லை, உருபு ஒன்றே போதும்.

அமெரிக்கர்கள் இங்கே ஒரு நல்ல வசதியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அடைந்ததைச் சொல்ல 'ஐ ஹாவ் காட்டன்', வைத்திருப்பதைச் சொல்ல 'ஐ ஹாவ் காட்' என்று பிரித்துப் பேசுகிறார்கள். 'காட்டன்' அமெரிக்கா கண்டுபிடித்த கொச்சை என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. 1611-இல் இங்கிலாந்தில் வெளியான விவிலிய மொழிபெயர்ப்பில் காயீனைப் பெற்ற ஏவாள் பேசும் வரியிலேயே இந்த வடிவம் இருக்கிறது. பிற்பாடு இங்கிலாந்தின் பொது வழக்கில் அது தேய்ந்தது, கடல் தாண்டிப் போனவர்களின் பேச்சில் தங்கியது. 'ஃபர்காட்டன்' என்ற சொல்லில் அது இன்றும் எல்லோர் வாயிலும் வருகிறது.

'ஹாவ் காட் டு' என்பது கடமையைச் சொல்வது: 'ஐவ் காட் டு கோ', போகவேண்டியிருக்கிறது. வேகமாகப் பேசும்போது 'காட்டா' என்று தேய்ந்துவிடும். அதற்குப் பக்கத்திலேயே, ஏறக்குறைய அதே உருவத்தில் நேர் எதிரான பொருளோடு ஒரு தொடர் இருக்கிறது: 'கெட் டு'. 'ஐ ஹாவ் டு டீச் டுமாரோ' என்றால் நாளைக்குப் பாடம் நடத்தியாகவேண்டும், தலையில் விழுந்த வேலை. 'ஐ கெட் டு டீச் டுமாரோ' என்றால் நாளைக்குப் பாடம் நடத்தும் வாய்ப்பு எனக்கு அமைந்திருக்கிறது, காத்திருக்கிறேன். ஐஸ்லாந்தில் இன்று பேசும் மொழியில் அந்தப் பழைய 'கெட்டா' என்ற வினை இயலுதல் என்ற பொருளில்தான் புழங்குகிறது. அந்தப் பக்கமிருந்து பார்த்தால் இந்தத் தொடர் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

இதை மாணவர்களுக்கு எப்படித் தமிழில் சொல்வது என்று நான் ரொம்ப நாள் திண்டாடினேன். 'வாய்ப்புக் கிடைத்தது' என்றால் பத்திரிகைத் தமிழ்போல இருந்தது. அப்புறம் ஒருநாள் தன் பேரப்பிள்ளையை முதன்முதலாகத் தூக்கிய ஒரு பாட்டி சொன்னதைக் கேட்டேன். 'இவனைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது' என்றார். 'ஐ காட் டு ஸீ ஹிம்.'